முதியோர் இல்லச் சலவையறை: மெஷின்களை யார் பார்த்துக்கொள்வது?

முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்துகிறவர்கள் சலவையறை மெஷின்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முதலில் எழும் கேள்வி வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான். வேண்டிய கேள்விதான், ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் நின்றுவிட்டால் நம் இல்லம் எத்தனை மணி நேரம் தாங்கும்? இதற்கு நேர்மையான ஒரு விடை கையில் இருந்தால், பராமரிப்பை எந்த வழியில் செய்வது என்பது பாதி முடிவான மாதிரி.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். வழக்கமாக ஒரு படுக்கைக்கு மூன்று செட் விரிப்பு வைத்திருப்பார்கள்: ஒன்று படுக்கையில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாதவர்களுக்கு ஒரே நாளில் மூன்று நான்கு தடவை விரிப்பு மாற்ற வேண்டிவரும். அவர்கள் பங்குக்கு அலமாரியில் இருப்பது மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆகவே அலமாரி மிகவும் காலியாக இருக்கும் வேளையில், அதாவது காலையில் முதல் லோடு போடுவதற்கு முன்னால், போய் எண்ணுங்கள். இருக்கும் விரிப்புகள் அடுத்த எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்று பார்த்தால் அதுதான் உங்கள் தாங்கும் நேரம். இல்லத்தில் வயிற்றுப்போக்கு பரவினால் அது பாதிக்கும் கீழே போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர விரிப்பில் படுத்திருக்கும் முதியவரின் தோல் சில மணி நேரத்திலேயே ஊறி நைந்துபோகும். படுக்கைப்புண்ணுக்கு அது வழி திறந்துவிடும். அதனால்தான் பணக்கணக்கைக் காட்டிலும் நேரக்கணக்கை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. பழுதானபோது ஆளைக் கூப்பிடுவது, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவது, சொந்தமாக ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்வது, மெஷினையே சர்வீஸோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது, துணியை வெளியே அனுப்பிவிடுவது. இவற்றை ஒப்பிடுவதற்கு முன் இன்னொன்றைப் பேசியாக வேண்டும். வெளியே அனுப்புவதைத் தவிர மற்ற நான்கிலும், சலவையறையில் நிற்கும் பணியாளரின் கை செய்ய வேண்டிய ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பங்கு நடக்காவிட்டால் எவ்வளவு நல்ல ஒப்பந்தம் போட்டாலும் மெஷின் நிற்கத்தான் செய்யும்.

ஒப்பந்தத்தில் எழுத முடியாத பங்கு

ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். அது கழன்று போய் வாஷிங் மெஷினின் அடியில் இருக்கும் வடிகால் வால்வில் மாட்டிக்கொள்கிறது. வால்வு முழுதாக மூடாது. தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மட்டம் குறைவதை மெஷின் கவனித்து, புதிதாகக் குளிர்ந்த தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போட்ட சோப்பு நீர்த்துப்போகும், சூடேறிய தண்ணீரின் வெப்பம் இறங்கும். துவைப்பு நேரம் இழுக்கும், சில மெஷின்கள் பிழை எண் காட்டும், சில காட்டாமலே வேலையை முடித்துவிடும். துணி பார்க்க வெள்ளையாகத்தான் வெளியே வரும். ஆனால் கிருமி சாகும் அளவுக்கு அதில் வெப்பம் நின்றிருக்காது.

வெப்பத்துக்குத் தெளிவான அளவுகள் உண்டு. பிரிட்டனின் சுகாதாரத் துறை வழிகாட்டி, துணி 65 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. துணிக்குவியலின் நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேர, அதற்கு மேல் சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளவும் சொல்கிறது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி சுடுநீர்த் துவைப்புக்குச் சொல்வது 71 டிகிரியில் 25 நிமிடம். எந்த அளவைப் பின்பற்றினாலும், மெஷினின் திரையில் தெரியும் எண் உண்மையா என்று யாராவது அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பொத்தான் மாட்டிய வால்வு அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

பொத்தானைவிட மோசமானது டயப்பர். விரிப்போடு சுருண்டு உள்ளே போய்விட்டால், சிறுநீரை உறிஞ்சுவதற்காக அதில் வைத்திருக்கும் பொடி முழுக்கத் தண்ணீரைக் குடித்து, கூழாகி, டிரம் முழுவதும் பரவிவிடும். ஒவ்வொரு துணியிலும் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும், வடிகாலை அடைக்கும். அந்த லோடை உதறி எடுத்து, டிரம்மை வழித்துத் துடைத்து, வெறும் மெஷினை ஓட்டி முடிப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். காதில் மாட்டும் கருவி, பல்செட், கையுறை எல்லாம் இதே வழியாக வருபவைதான். கையுறை டிரையருக்குள் போனால் உருகி டிரம்மில் ஒட்டும். இவற்றைத் தடுக்கிற இடம் சலவையறைகூட இல்லை. படுக்கையருகே விரிப்பைச் சுருட்டும்போதே பார்க்கிற பராமரிப்புப் பணியாளரிடம்தான் அது இருக்கிறது. அழுக்குத் துணியைச் சலவையறையில் கொட்டிக் கிளறித் தேடுவது நல்லதல்ல. கிருமி காற்றில் கிளம்பும்.

அப்புறம் டிரையர். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்வது போதாது. நாள் முழுக்க ஓடும் டிரையருக்கு நான்கைந்து லோடுக்கு ஒரு தடவையாவது வழிக்க வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான வீட்டு டிரையர் தீ விபத்துகளை ஆராய்ந்தபோது, முதல் காரணமாக வந்தது சுத்தம் செய்யாமல் விட்டதுதான், 34 சதவீதம். வீட்டு டிரையருக்கே அப்படியென்றால், காலை முதல் இரவு வரை சூடாகவே இருக்கிற டிரையரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதில் முதியோர் இல்லங்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. உடம்பு பிடித்துவிடும் எண்ணெயும் தோலுக்குத் தடவும் களிம்பும் துண்டிலும் விரிப்பிலும் ஏறிக்கொண்டே இருக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. எண்ணெய் ஏறிய துண்டை டிரையரில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துக் கூடையில் குவித்தால், உள்ளே வெப்பம் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்க முடியும். கடைசியில் சூடில்லாமல் சுற்றுகிற சில நிமிடங்களை ‘நேரம் வீண்’ என்று நிறுத்தி எடுக்கிறார்கள் பாருங்கள், அதை எந்த இல்லத்திலும் அனுமதிக்கக் கூடாது. களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் அது முழுதாக நீங்காது என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது.

இந்தப் பங்கில் நான் மிகவும் மதிக்கிற கருவி ஒரு சாதாரண நோட்டு. ஒரே வகையான லோடு, உதாரணமாகப் பத்துக் கிலோ விரிப்பு, காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். 35 நிமிடம் 42 ஆகி, 50 ஆகும்போது இரண்டில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது: டிரையரின் காற்றுக் குழாயில் பஞ்சு சேருகிறது, அல்லது வாஷிங் மெஷின் சரியாகப் பிழியவில்லை. எது என்று தெரிய, பிழிந்து வெளியே வந்த துணியை எடை போடுங்கள். வழக்கமாக 15 கிலோவாக வந்தது 17 கிலோவாக வந்தால் கோளாறு வாஷிங் மெஷினில். பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அதிர்வைக் கண்டு மெஷின் தானாக வேகத்தைக் குறைத்திருக்கலாம். எடை மாறவில்லையென்றால் காற்றுக் குழாயைத் திறந்து பாருங்கள். எந்த மெக்கானிக்கும் இதை உங்களுக்காக வாரா வாரம் வந்து செய்ய மாட்டார்.

பழுதானபோது கூப்பிடுவது

மாதச் செலவு எதுவும் இல்லாத வழி. சின்ன இல்லம், ஒரே மாதிரியான இரண்டு மூன்று சிறு மெஷின்கள், ஒன்று நின்றால் மற்றதை இரவிலும் ஓட்டிச் சமாளிக்கலாம் என்கிற நிலையில் இதைக் குறை சொல்ல மாட்டேன். தாங்கும் நேரம் இரண்டு மூன்று நாள் என்றால் இது போதும். ஆனால் டிரையரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாஷிங் மெஷின் பழுதானால் நின்றுபோகும், டிரையர் பழுதானால் எரியக்கூடும்.

இந்த வழியின் உண்மையான செலவு பில்லில் தெரியாது. பெரிய வாஷிங் மெஷின்கள் பலவற்றின் பின்புறம், பேரிங் அருகே ஒரு சின்னத் துளை இருக்கும். டிரம்மைச் சுழற்றும் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போவதற்கு முன் அந்தத் துளை வழியாகச் சொட்டும். அதற்காகவே வைத்த துளை அது. முதல் சொட்டைப் பார்த்தவுடன் சீலை மாற்றினால் வேலை அதோடு முடியும். யாரும் மெஷினின் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை, ‘ஓடுகிறதே’ என்று விடுகிறார்கள். தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி, கிரீஸைக் கழுவி, துருப்பிடிக்கவைக்கும். சில மாதங்களில் சுழற்சியின்போது விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் பேரிங்கோடு தண்டும் தேய்ந்து, டிரம்மையே கழற்ற வேண்டிய வேலையாகிவிடும். ‘பழுதானபோது’ என்று காத்திருப்பவருக்கு எப்போதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் செய்தி வரும். அந்த நேரத்தில் பார்ட்ஸ் இருப்பில் இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு யோசனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘பெரிய மெஷின் ரிப்பேருக்கு ஆகிற காசில் வீட்டு மெஷின் இரண்டு வாங்கிவிடலாமே’ என்பார்கள். வீட்டு மெஷின் நாளுக்கு ஒன்றிரண்டு லோடுக்காகச் செய்தது. எட்டுப் பத்து லோடு போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது ஒரு பக்கம். பெரிய கவலை சுத்தம் பற்றியது. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் 2012, 2013-ல் எதற்கும் எளிதில் அடங்காத ஒரு கிளெப்சியல்லா கிருமி பச்சிளங்குழந்தைகளிடம் மறுபடி மறுபடி தென்பட்டது. தேடிப் போனால், குழந்தைகளின் குல்லாய், காலுறை துவைத்துக்கொண்டிருந்த மின்சாரம் மிச்சப்படுத்தும் வீட்டு வாஷிங் மெஷின் ஒன்றின் கதவு ரப்பரிலும் சோப்பு போடும் அறையிலும் அந்தக் கிருமி குடியிருந்தது. மெஷினை எடுத்த பிறகுதான் அது நின்றது. 2019-ல் இது ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. குறைந்த வெப்பம், ரப்பர் மடிப்பில் தேங்கும் தண்ணீர், இரண்டும் சேர்ந்தால் போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவர்கள் இருக்கும் இடத்திலும் இதே கதை நடக்கலாம். வீட்டு மெஷின்தான் என்றால் அதில் தனிநபர் உடைகளை மட்டும் போடுங்கள், மலம் பட்ட விரிப்புகள் வேண்டாம். கதவு ரப்பரின் மடிப்பை ஒவ்வொரு நாளும் துடைத்து, இரவில் கதவைத் திறந்தே வையுங்கள்.

வருடாந்திர ஒப்பந்தம்

ஏஎம்சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டு வகை உண்டு. பார்ட்ஸும் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்று. ஆள் வருகைக்கு மட்டுமான ஒப்பந்தம் இன்னொன்று. முதலாவது நிம்மதி தருவது போலத் தோன்றும். ஆனால் பல ஒப்பந்தங்களில் பெல்ட், கதவு ரப்பர், சூடேற்றும் காயில், ரப்பர் குழாய் எல்லாம் ‘தேயும் பொருட்கள்’ என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். ‘தவறான பயன்பாடு’ என்று ஒரு வரி இருக்கும். பொத்தான் மாட்டியதும் டயப்பர் உள்ளே போனதும் அந்த வரிக்குள் போய்விடும். ஒரு முதியோர் இல்லத்தில் அடிக்கடி கெடுவது எது என்று பார்த்தால், கிட்டத்தட்ட இந்த விலக்குப் பட்டியல்தான். மிச்சமிருப்பது மோட்டார், கன்ட்ரோல் போர்டு, பேரிங். இவை அரிதாகக் கெடும், கெட்டால் பெரிய செலவு. அப்படியானால் நீங்கள் கொடுக்கிற பணம் பராமரிப்புக்கா, காப்பீட்டுக்கா என்று யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். மெஷினுக்கு ஏழெட்டு வயசு ஆகிவிட்டதென்றால் அந்தக் காப்பீடு பெறுமானமுள்ளது. புதிய மெஷினுக்கு ஆள் வருகை ஒப்பந்தமே போதும் என்பது என் எண்ணம்.

எந்த வகையானாலும் ஒரு வார்த்தையில் கண் வையுங்கள். ‘24 மணி நேரத்துக்குள் வருவோம்’ என்று எழுதியிருக்கும். வருவது வேறு, மெஷினை ஓடவைப்பது வேறு. வந்து பார்த்து, ‘பார்ட் வரவேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போனாலும் ஒப்பந்தப்படி அவர் வந்துவிட்டார். உங்கள் தாங்கும் நேரம் 18 மணி நேரம் என்றால், அந்த நேரத்துக்குள் மெஷின் ஓட வேண்டும், அல்லது துணியை வேறிடத்தில் துவைத்துத் தர அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ள மறுத்தால், குறைந்தது வடிகால் வால்வு, தண்ணீர் நுழையும் வால்வு, ஒரு செட் பெல்ட், கதவுப் பூட்டு, கதவு ரப்பர் ஆகியவற்றை உங்கள் அலமாரியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறும் பண்டிகை நாளும் அந்த 24 மணி நேரத்தில் சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முதியோர் இல்லத்துக்கு விடுமுறை கிடையாது.

வருகையின்போது என்ன செய்வார்கள் என்ற பட்டியலும் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய மெஷினென்றால் அந்த போல்ட்டுகளின் இறுக்கம், பெல்ட் விறைப்பு, பேரிங் கிரீஸ், கதவு திறந்திருக்கும்போது டிரம் சுற்றாமல் தடுக்கும் பூட்டு, அதிர்வு சுவிட்ச், தண்ணீரின் உண்மையான வெப்பம், டிரையரின் அதிவெப்பத் தடை, காற்றுக் குழாய் முழுவதும். பலர் விட்டுவிடுவது சோப்பு ஊற்றும் பம்ப். அதற்குள் இருக்கும் ரப்பர் குழாய் உருளைகளால் நசுங்கி நசுங்கித்தான் சோப்பைத் தள்ளுகிறது. நாளாக ஆக விறைத்து, ஊற்றும் அளவு குறையும். வெளியே எதுவும் தெரியாது. அதுபோலவே கடைசி அலசல் சரியில்லாமல் சோப்பின் காரம் துணியில் தங்கினால், மெலிந்துபோன முதிய தோலில் அரிப்பும் சிவப்பும் வரும். களிம்பை மாற்றிப் பார்ப்பார்கள், மருத்துவரைக் கூப்பிடுவார்கள். கடைசி அலசல் தண்ணீரில் காரத்தை நிறத்தில் காட்டும் பிஎச் தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த பம்ப் பெரும்பாலும் சோப்பு விற்கிற நிறுவனத்துடையது, மெஷின் ஒப்பந்தத்தில் வராது. யார் பார்ப்பது என்பது இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும், அதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஒரு ஆள்

பெரிய இல்லங்களில் தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், லிப்ட் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பராமரிப்பு மெக்கானிக் இருப்பார். சலவையறையையும் அவர் கையில் கொடுப்பது இயல்பு. நன்மை பெரியது: பொத்தான் மாட்டினால் பத்து நிமிடத்தில் வால்வைக் கழற்றி எடுத்துவிடுவார். மெஷினின் சத்தம் அவர் காதுக்குப் பழகியிருக்கும். மாறினால் தானாகவே வந்து பார்ப்பார். தாங்கும் நேரம் மிகக் குறைவாக உள்ள இல்லத்துக்கு, இப்படி ஒருவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதற்கு ஈடாக எந்த ஒப்பந்தத்தையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவரால் முடியாதவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்றைய மெஷின்களில் மோட்டாரின் வேகத்தை உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் என்ற மின்னணுப் பகுதி கட்டுப்படுத்துகிறது. அதன் அமைப்புகளுக்குள் போகத் தயாரிப்பாளரின் கடவுச்சொல் வேண்டியிருக்கும். கேஸில் எரியும் டிரையரின் பர்னரை அதற்குத் தகுதி பெற்றவர்தான் தொட வேண்டும். பாதுகாப்பும் பயிற்சி கேட்கிற விஷயம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் மின்னழுத்தம் சில நிமிடம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் முன் காத்திருக்க வேண்டும். சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கவிட்டுத்தான் டிரம்முக்குள் கையோ தலையோ விட வேண்டும். தெரியாமல் வேறொருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாத சேதம் நடக்கும். பூட்டு வாங்கிக் கொடுக்காமல் அவரை மெஷினைத் திறக்கச் சொல்லும் நிர்வாகம் அந்த மனிதருக்குப் பெரிய அநியாயம் செய்கிறது.

இன்னொரு பலவீனம், அவர் ஒருவர்தான். அவர் லீவில் போகிற வாரத்தில் உங்கள் நிலை ‘பழுதானபோது கூப்பிடுவது’ என்ற இடத்துக்கு வந்துவிடும். அவருடைய தலையில் இருப்பதையெல்லாம் நோட்டில் எழுதவைப்பது அதனால் அவசியம்.

வாடகை மெஷின்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மெஷினும் சர்வீஸும் ஒரே மாதத் தொகையில் வரும். ஓடாத மெஷினால் வாடகைக்காரருக்கும் நஷ்டம் என்பதால் பார்ட்ஸ் விஷயத்தில் இழுத்தடிப்பு குறைவாக இருக்கும். முதலில் பெரும்பணம் போட முடியாத இல்லத்துக்கு இது நல்ல வழி. கவனிக்க வேண்டியவை மூன்று: ஒப்பந்தம் எத்தனை வருஷம் உங்களைக் கட்டிப்போடுகிறது, நடுவில் படுக்கைகள் குறைந்தால் மெஷினைத் திருப்பித் தரலாமா, அதே ‘தவறான பயன்பாடு’ வரி இங்கேயும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது. சில ஒப்பந்தங்களில் மாற்று மெஷின் தருவதாகவும் இருக்கும். எத்தனை மணி நேரத்தில் என்று மறக்காமல் கேளுங்கள்.

துணியை வெளியே அனுப்புவது

மெஷினே இல்லாவிட்டால் பராமரிப்பும் இல்லையே என்று சிலர் நினைப்பார்கள். தட்டையான துணிகளுக்கு, அதாவது விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றுக்கு, இது பல இல்லங்களுக்குச் சரியாக வரும். பெரிய சலவை நிலையங்களில் வெப்பமும் சோப்பு அளவும் பதிவாகிக்கொண்டே இருக்கும்; இஸ்திரி உருளையில் விரிப்பு மடிப்பில்லாமல் வெளிவரும். ஆனால் கையிருப்பு கூட வேண்டும். மூன்று செட்டோடு, போகிற வழியில் ஒன்று, வருகிற வழியில் ஒன்று. வண்டி வராத நாளையும் சேர்த்தால் அதற்கு மேலும்.

பொறுப்பு உங்களை விட்டுப் போகாது என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2008, 2009-ல் ஐந்து குழந்தைகளுக்கு அரிதான பூஞ்சைத் தொற்று வந்து, ஐந்து பேரும் இறந்தார்கள். விசாரணையில் மருத்துவமனைத் துணிகளே பூஞ்சையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். துணி எவ்வளவு நன்றாகத் துவைக்கப்பட்டாலும், வண்டியிலும் இறக்கும் மேடையிலும் திறந்து கிடந்தால் பயனில்லை. வெளியே கொடுப்பதானால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த நிலையத்துக்கு நேரில் போங்கள். அழுக்குத் துணி வந்திறங்கும் வழியும் சுத்தமான துணி வெளியேறும் வழியும் குறுக்கே சந்திக்கின்றனவா, வண்டியை எப்போது கழுவுகிறார்கள் என்பதைக் கண்ணால் பாருங்கள்.

உடைகளை மட்டும் வெளியே கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். மறதி நோயோடு இருப்பவருக்குத் தன் பழைய ஸ்வெட்டரும் பழகிய புடவையும் இன்னும் அடையாளம் தெரிகிற மிகச் சில பொருட்களில் சேர்த்தி. கம்பளி சுருங்கி வந்தாலும், வேறொருவர் சட்டை மாறி வந்தாலும் அவர் அன்று முழுக்கத் தவித்துப்போவார். அந்தத் துணிகள் இல்லத்துக்குள்ளேயே, பெயர் தைத்து, ஒரு சின்ன மெஷினில், அந்த மனிதரைத் தெரிந்தவர் கையால் துவைக்கப்பட வேண்டும்.

எதை எடுப்பது

தாங்கும் நேரம் இரண்டு நாளைத் தாண்டுகிற சிறிய இல்லத்துக்கு, நல்ல ஒரு மெக்கானிக்கைப் பழக்கத்தில் வைத்துக்கொண்டு, பழுதானபோது கூப்பிடுவது போதும். டிரையருக்கும் காற்றுக் குழாய்க்கும் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை பணம் கொடுத்து ஆள் வரவழையுங்கள்.

நடுத்தர இல்லத்துக்கு நான் சொல்வது: பார்ட்ஸ் சேராத, ஆள் வருகை மட்டுமான ஒப்பந்தம், கூடவே சொந்தச் செலவில் ஒரு தட்டு நிறைய ஸ்பேர் பார்ட்ஸ். பார்ட்ஸ் சேர்ந்த ஒப்பந்தத்துக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அந்தத் தட்டு பெரும்பாலும் நிரம்பிவிடும். அந்தத் தட்டு இருப்பதால் மெக்கானிக் வந்த அன்றே மெஷின் ஓடும். கையிருப்பு பொறுத்து, விரிப்புகளை வெளியே கொடுத்துவிட்டு உடைகளை உள்ளே வைத்துக்கொள்வதும் நன்றாகவே நடக்கும். அப்போது ஒப்பந்தமும் சின்னதாகிவிடும்.

பெரிய இல்லத்துக்குச் சொந்த மெக்கானிக்தான். அவரால் தொட முடியாத இன்வெர்ட்டர், போர்டு, பர்னர் ஆகியவற்றுக்கு மட்டும் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஒப்பந்தம். இரண்டும் சேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆனால் மெக்கானிக் எளிய வேலைகளை முடித்துவிடுவதால் ஒப்பந்தத்தில் வருகைகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பேரம் பேசலாம்.

மெஷின் வாங்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் இன்னும் எளிது. ஒரு பெரிய மெஷினுக்குப் பதில், மொத்தக் கொள்ளளவு அதே வருகிற மாதிரி இரண்டு நடுத்தர மெஷின்களை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், இடமும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், அதனால் தாங்கும் நேரம் நீளும், அதனால் மலிவான ஒப்பந்தமே போதுமானதாகிவிடும். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் ஒரு செட் ஸ்பேர் இரண்டுக்கும் பொருந்தும்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சும் கேள்வி, ரிப்பேரா புதுசா என்பது. பெல்ட், வால்வு, ரப்பர் என்று எத்தனை தடவை மாற்றினாலும் அது மெஷினை விடுவதற்குக் காரணமாகாது. பேரிங் போய், தண்டும் தேய்ந்து, டிரம்மைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும்போதுதான் நின்று யோசிக்க வேண்டும். அப்போது மூன்றைக் கேளுங்கள்: இந்த மாடலுக்குக் கன்ட்ரோல் போர்டு இன்னும் கிடைக்கிறதா, வெளிக்கூட்டில் துரு எவ்வளவு, நோட்டில் காயும் நேரம் கடைசி ஒரு வருஷத்தில் எப்படிப் போயிருக்கிறது. போர்டு கிடைக்காது என்றால் பேரிங்கில் பணம் போடாதீர்கள். புதியது வாங்குவதானால், ஆர்டர் கொடுப்பதற்கு முன் சலவையறைக் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். தரையில் போல்ட் போட்டு இறுக்கும் வகையென்றால், சுழலும்போது வரும் உதைப்பைத் தாங்கும் அளவுக்கு அடியில் கான்கிரீட் கனமாக இருக்கிறதா என்று பொறியாளரிடம் காட்டுங்கள். மாடியில் சலவையறை என்றால் அந்த வகையையே தவிர்த்து, ஸ்பிரிங் மேல் உட்காரும் வகையைக் கேளுங்கள். பழைய மெஷினைக் கழற்றுவது முதல் புதியது முதல் லோடை முடிப்பது வரை எத்தனை நாள் ஆகும் என்று எழுத்தில் வாங்கி, அந்த நாட்களுக்கு மட்டும் விரிப்புகளை வெளியே அனுப்ப முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.